வந்த வருஷம்

டில்லி
14.7.2024

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சப்பாத்திதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தேவராஜ் மாமா ஷேர் ஆட்டோவுக்கு எஃப்.சி. வாங்கிவிட்டாரா?

வந்த அன்றே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். கவனம் சிதறக் கூடாதாம். ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மட்டும் பேசலாம், அதுவும் பதிவு செய்த ஒரே ஒரு எண்ணுக்கு. ஆவடியில் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவள் அழுது முடிக்கவே இருபது நிமிடம் ஆகும். உனக்கோ ஞாயிறும் கம்பெனியில் ஷிப்ட். ஆகவே உனக்குக் கடிதம்தான், சிரிக்காதே.

நாடு முழுவதிலிருந்தும் நாற்பது பேர், எல்லோரும் கல்லூரி மூன்றாம் ஆண்டு முடித்தவர்கள். பொதுக் கொள்கை, தலைமைப் பண்பு என்று காலை முதல் மாலை வரை வகுப்பு. ஒருத்தியின் அப்பா நீதிபதி, இன்னொருவனின் அம்மா தூதரகத்தில். என் அப்பாவைக் கேட்டார்கள். ஆவடியில் சைக்கிள் கடை என்றேன். "ஓ, சொந்தத் தொழில்" என்றார்கள்.

எனக்கு வழிகாட்டி ஜானகிராமன் சார், நம் தமிழ்நாட்டுக்காரர். ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்து ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். முதல் ஐந்து பேர் பெரிய அதிகாரிகள் முன்னால் பேசலாம். அதில் முதல் பரிசு வாங்குபவருக்கு இங்கிலாந்தில் மேற்படிப்பு, முழுச் செலவும் அவர்களுடையது. அக்கா, எனக்கு அது வேண்டும். எதைப் பற்றி எழுதட்டும்?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் ஹேமா

*

கன்னியம்மன் தாங்கல் கரைத் தெரு
நசரத்பேட்டை
25.7.2024

அடி ஹேமா,

இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதனோடுதான். எஃப்.சி. முடிந்தது. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கடிதத்தோடு தபால்காரர் வந்து நின்றதும் பக்கத்து வீட்டு விஜிக்கு முகமே மாறிவிட்டது. "இன்னாக்கா, பேங்க்ல ஜப்தி நோட்டீசா?" என்றாள். நம் தெருவுக்கு வேறு எந்தத் தபால் வந்திருக்கிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஹேமா எழுதியது என்றதும் பிடுங்கிப் படித்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்க அனுப்பினால், எவளாவது தள்ளிவிட்டுப் போவதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பவள் நீ. உனக்குத் தலைமைப் பயிற்சியா! உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஸ்டாண்டில் எல்லோரிடமும் அவர்தான் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்.

பிரச்சினைக்கா நம்மிடம் பஞ்சம்? கதவைத் திறந்தால் தாங்கல். ஏரிக்குத் தம்பி என்று பெயர்தான், தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் ஆகாயத்தாமரை. கம்பெனிக் கழிவெல்லாம் அதில்தான். மழை வந்தால் அது நம் வீட்டுக்குள். பட்டா கேட்டு இதுவரை பதினொரு மனு கொடுத்தாகிவிட்டது, ஒன்றுக்கும் பதிலில்லை. மூன்று வருஷம் என் வீட்டில் இருந்து கொசுக்கடி வாங்கிக்கொண்டே படித்தாயே, அதை எழுது.

உன் அக்கா
தாட்சாயிணி

*

டில்லி
4.8.2024

அன்புள்ள அக்கா,

இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே. அங்கே எல்லோரும் சுகம்தானே?

தாங்கலைத்தான் எடுத்திருக்கிறேன். ஜானகிராமன் சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் வெறும் கதை எழுதாதே, வீடு வீடாகக் கணக்கு வேண்டும் என்கிறார். என்னால் வர முடியாது. நீ எடுத்துக் கொடுப்பாயா? கோயிலிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வீட்டுக்கு எண் போட்டுக்கொள். எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எங்கிருந்து, எந்த வருஷம் குடி வந்தார்கள். இவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம். நம் தெருவில் எல்லோருக்கும் இரண்டு வருஷம் உண்டு அல்லவா? பட்டா கிடைப்பதற்காக மனுவில் முன்தள்ளிப் போடுகிற வருஷம் ஒன்று, உண்மையில் வந்த வருஷம் ஒன்று. எனக்கு வந்த வருஷம்தான் வேண்டும். உண்மையான கணக்கு இருந்தால்தான் கட்டுரை நிற்கும். வேறு யார் கேட்டாலும் 1999 என்றுதான் சொல்வார்கள். உன்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்வார்கள்.

யார் பெயரும் கட்டுரையில் வராது. சத்தியம்.

உன் ஹேமா

*

நசரத்பேட்டை
24.8.2024

ஹேமா,

காய்ச்சல் விட்டதா? அங்கே கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

கணக்கு நோட்டை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எட்டு நாள் ஆனது. கம்பெனி விட்டு வந்து, முகம் கழுவி, நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறினேன். எல்லா வீட்டிலும் டீ. வயிறு ஊதிவிட்டது.

தங்கராஜ் அண்ணன்தான் முதலில் முறைத்தார். "மனுல போடுற வருசமா, வந்த வருசமா?" என்றார். "வந்த வருசம்ணா. கவுருமெண்டுக்கு இல்ல, நம்ம ஹேமாவுக்கு. அது படிப்புக்கு" என்றேன். "அப்ப ரெண்டாயிரத்துப் பத்துன்னு எழுதிக்கோ. பாப்பாவாண்ட பொய் சொல்லக் கூடாது" என்றார். அவர் வீட்டை மட்டும் தப்பாக இரண்டு முறை எழுதிவிட்டேன். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் முன்கதவில் ஒருவர், பின்கதவில் ஒருவர் என்று புழங்குகிறார்களே, அதில் குழம்பிப் பத்தொன்பது, இருபது என்று போட்டுவிட்டேன். நோட்டில் நாற்பத்திரண்டு இருக்கும், வீடு நாற்பத்தொன்றுதான். திருத்திக்கொள்.

தையல் மெஷின் வைத்திருக்கும் ரசூல் பீவியம்மாவுக்கு வருஷம் நினைவில்லை. "என் ஊட்டுக்காரரு மவுத்தான வருசம்மா, அப்பத்தான் இந்தக் கொட்டாய போட்டேன்" என்றார்கள். அவர் இறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டு 2012 என்று எழுதினேன். ஏழாவது நம் வீடு. மாமனார் கட்டிய வருஷம் 2011, அதையே போட்டேன். ஊருக்கெல்லாம் உண்மை சொல்லச் சொல்லிவிட்டு நான் மட்டும் அளக்கலாமா? எட்டு வீடுதான் நிஜமாகவே பழசு. மற்றதெல்லாம் 2009-இலிருந்துதான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நன்றாக எழுது. தெருவே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உன் அக்கா

*

டில்லி
8.9.2024

என் தங்க அக்கா,

இப்போது நன்றாக இருக்கிறேன், இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். நீ டீயைக் குறை, உனக்கு அல்சர் இருக்கிறது.

நோட்டைப் பார்த்து ஜானகிராமன் சார் எழுந்தே நின்றுவிட்டார். "எந்த அலுவலகத்திலும் இவ்வளவு சுத்தமான கணக்கு கிடையாதும்மா. யார் எடுத்தது?" என்றார். என் அக்கா, பத்தாவது வரை படித்தவள் என்றேன். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். உனக்குத்தான் தட்டினார்கள். நோட்டில் இருந்ததை அப்படியே அட்டவணையாக அடித்துக் கட்டுரையின் கடைசியில் சேர்த்துவிட்டேன். பெயர் எதுவும் இல்லை, வீட்டு எண் மட்டும்தான்.

முதல் ஐந்து பேரில் நான் இருக்கிறேன்! செப்டம்பர் கடைசியில் அதிகாரிகள் முன்னால் பேசப் போகிறேன். சென்னையிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்களாம்.

கட்டி அணைத்து முத்தங்களுடன்,
ஹேமா

*

நசரத்பேட்டை
20.9.2024

ஹேமா கண்ணு,

எல்லோரும் நலம். அல்சரும் என்னோடு நலமாக இருக்கிறது.

நீ பேசப் போவதைச் சொன்னதும் விஜி கேசரி கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். உன் மாமா ஆட்டோ கண்ணாடியில் உன் போட்டோவை ஒட்டப் போகிறேன் என்று நிற்கிறார், தடுத்து வைத்திருக்கிறேன். பீவியம்மா உனக்கு ஒரு சுடிதார் தைத்து வைத்திருக்கிறார்கள். அளவுக்கு உன் பழைய சட்டையை எடுத்துப் போனார்கள்.

சென்னை அதிகாரி வந்தால் தயங்காமல் பட்டாவைப் பற்றிக் கேள். பதினொரு மனு கொடுத்தோம் என்று சொல். எங்கள் வாயால் சொல்லி எடுபடாதது உன் வாயால் சொன்னால் எடுபடும்.

உன் அக்கா

*

டில்லி
9.10.2024

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது. அடுத்த செப்டம்பரில் இங்கிலாந்து போக வேண்டும். அம்மாவிடம் ஞாயிறன்று சொன்னேன். வேலை நிறைய இருக்கிறது, நீளமாக எழுத முடியவில்லை.

அக்கா, உன் மாமனார் காலத்து ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில் ஏதாவது இருந்தால் எடுத்துப் பத்திரமாக வை. யாராவது வந்து கேட்டால் 1999-இல் வந்தோம் என்றே சொல்லுங்கள். மாமாவிடமும் சொல்லி வை. ஏன் என்று கேட்காதே, சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

பீவியம்மாவுக்கு என் வணக்கம்.

ஹேமா

*

நசரத்பேட்டை
6.11.2024

ஹேமா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எப்படி இருக்கிறது?

போன புதன்கிழமை ஜீப்பில் ஐந்து பேர் வந்தார்கள். தாங்கலைத் தூர் வாரிப் பூங்கா கட்டப் போகிறார்களாம். கையில் அச்சடித்த காகிதம். கோயிலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கதவாக எண் எழுதிக்கொண்டே வந்தார்கள். தங்கராஜ் அண்ணன் வீட்டில் பத்தொன்பது எழுதினார்கள். பிறகு ஒருவன் சுற்றும் முற்றும் பார்த்து, "இருவதாம் நம்பர் ஊடு எதும்மா?" என்று என்னையே கேட்டான்.

இந்த உலகத்தில் தங்கராஜ் அண்ணன் வீட்டை இரண்டாக எண்ணியவள் நான் ஒருத்திதான். திருத்திக்கொள் என்று எழுதினேனே, அதைக்கூட நீ திருத்தவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் நான் எழுதியது. 2010, 2012, 2009. வருஷக்கணக்காக அவர்கள் தேடிக் கிடைக்காததை எட்டே நாளில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பி வைத்திருக்கிறேன்.

2007-க்குப் பிறகு வந்தவர்கள் காலி செய்ய வேண்டுமாம். முன்பே வந்தவர்கள் இப்போதைக்கு இருக்கலாமாம். முப்பத்திரண்டு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பீவியம்மா அதைப் படிக்கத் தெரியாமல் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். நான் படித்துக் காட்டினேன்.

நம் கதவில் ஒட்டவில்லை. ஏழாம் எண்ணுக்கு நேரே 1999 என்று இருக்கிறது.

நான் 2011 என்றல்லவா எழுதினேன்? என் நோட்டை உடனே அனுப்பு. நான் என்ன எழுதினேன் என்று தெருவுக்குக் காட்ட வேண்டும்.

தாட்சாயிணி

*

நசரத்பேட்டை
2.12.2024

ஹேமா,

நான்கு வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் சிரித்துப் பேசுகிறாயாம், ஆகையால் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த ஞாயிறு லீவு போட்டுவிட்டு ஆவடிக்கே போய் அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் குரல் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. லைனை நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் வீட்டுக்கும் நான் 2011 என்றுதான் எழுதினேன் என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிவிட்டு, என் வீட்டுக்கு மட்டும் பொய் எழுதிக்கொண்டேனாம். "எங்கள போட்டுக் குடுத்துட்டு உன் ஊட்ட மட்டும் காப்பாத்திக்கினியே, நல்லாருப்பியா நீ?" என்று தங்கராஜ் அண்ணன் நடுத்தெருவில் நின்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? நான் அவர் இடத்தில் இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். தண்ணீர் லாரி வந்தால் என் குடத்துக்கு யாரும் வழி விடுவதில்லை. உன் மாமாவின் ஆட்டோவில் நம் தெருக்காரர்கள் ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பீவியம்மா அந்தச் சுடிதாரைக் கவரில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

விஜி ஒருத்திதான் இன்னும் எனக்காகச் சண்டை போடுகிறாள். "தாட்சாயிணிக்கா அப்டி செய்ற ஆளே இல்ல. நோட்டு வரட்டும், பாத்துக்கினு பேசுங்க" என்கிறாள்.

வீட்டைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் கேட்கவில்லை. என் நோட்டைத்தான் கேட்கிறேன். அனுப்பு.

தாட்சாயிணி

*

டில்லி
15.12.2024

அக்கா,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருப்பாய் என்று கேட்கும் தகுதியும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பேசுவதற்கு ஒரு வாரம் முன்பு ஜானகிராமன் சார் கூப்பிட்டார். தாங்கல் வேலையை எடுத்திருக்கும் ஆட்கள் என் அட்டவணையைக் கேட்கிறார்கள் என்றார். எதற்கென்று எனக்கு அப்போதே தெரியும். வருஷத்தை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். எடுத்தால் உன் கட்டுரையில் ஒன்றுமில்லை, வேறு பெண்ணை அனுப்புகிறேன் என்றார். "கஷ்டமான முடிவை எடுப்பவர்தாம்மா தலைவர்" என்றார். ஒரு நாள் டைம் கொடுத்தார். அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு வரியை மாற்றினேன். நீ என் அக்கா. மூன்று வருஷம் சோறு போட்டிருக்கிறாய். உன் வீட்டை எப்படி நான் எழுதிக் கொடுப்பேன்?

நோட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன் அக்கா. அது வெளியே வந்தால் அட்டவணையில் நான் கை வைத்தது தெரிந்துவிடும். பரிசைப் பிடுங்கிவிடுவார்கள், கல்லூரியிலும் சேர்க்க மாட்டார்கள். நம் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு வழி கிடைத்திருக்கிறது. நான் படித்துப் பெரிய இடத்துக்கு வந்தால் இதுபோல ஆயிரம் தெருவுக்குச் செய்ய முடியும். தெருக்காரர்கள் இன்றைக்குத் திட்டுவார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள். உன் வீடு உனக்கு இருக்கிறது. அதை நினைத்துப் பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு முன் பயிற்சி முடிகிறது. உன் வீட்டுக்கு வரலாமா?

ஹேமா

*

நசரத்பேட்டை
8.1.2025

ஹேமா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆயிரம் தெருவுக்குச் செய்வேன் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் மாமா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அவரிடமும் காட்டவில்லை.

இந்தக் கடிதத்தையே தெருவில் காட்டினால் என் பெயர் சுத்தமாகிவிடும். அடுப்பங்கரையில் எடுத்து வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன். காட்டினால் தங்கராஜ் அண்ணன் சும்மா இருக்க மாட்டார், எழுதிப் போடத் தெரிந்த ஆளைப் பிடித்து டில்லிக்கே எழுதுவார். உன் வழி அடைபட்டுவிடும். அப்பா சைக்கிள் கடையை மூடிவிட்டு உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். என்னால் முடியவில்லை. கொளுத்திவிட்டேன். பயப்படாதே.

திங்கட்கிழமை அந்த ஆபீசுக்குப் போனேன். விஜி வீட்டுக்கும் நோட்டீஸ் உண்டல்லவா, அவள் மனு கொடுக்க வந்திருந்தாள். எனக்கும் சேர்த்து வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். என் முறை வந்ததும், ஏழாம் எண் வீட்டுக்கு வருஷம் தப்பு, 1999 இல்லை, 2011 என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஆள் இப்படி ஒரு மனுவை இதுவரை பார்த்ததே இல்லையாம். "ஊட்ட இடிங்கன்னு மனு குடுக்குற மொத ஆளு நீதாம்மா. தப்பான வருசத்த யார் குடுத்தது?" என்றான்.

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "நாந்தான் சார். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

விஜி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்த் தன் மனுவைக் கொடுத்தாள். திரும்பி வரும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம், அவள் முன் படிக்கட்டில் நின்றாள். மற்ற முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் எனக்கு விரோதியானபோதுகூட நான் இப்படி அழவில்லை.

நேற்று நம் கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உன் மாமா அதைப் படித்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனைக் கழற்ற ஆரம்பித்தார். அயனம்பாக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். ஆட்டோவில் நாலு நடையில் சாமானெல்லாம் போய்விடும்.

உன் அட்டவணையில் இனிப் பொய் இல்லை. தைரியமாக எங்கே வேண்டுமானாலும் காட்டு.

பொங்கலுக்கு ஆவடிக்குப் போ, அம்மா சந்தோஷப்படுவாள். நான் அங்கே வர மாட்டேன். சுடிதாரை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், உனக்குச் சரியாக இருக்கும். இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே, பதினெட்டாம் தேதி இடிக்கிறார்கள். இங்கிலாந்தில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு போ.

தாட்சாயிணி